துறைமுக நகரின் கிற்றார் ஒலி: பெடல், அம்பிளிபயர், வீட்டு ஒலிப்பதிவு – ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூரின் கல்வெட்டுக்களையும் கோட்டை கொத்தளங்களையும் கோயில்களையும் தேடிச் செல்வர். அவ்வூரிலே ஒலித்தவை யாவை என வினவுவோர் அரியர். கல் நின்று நிலைப்பது. ஒலியோ எழுந்த கணத்திலேயே மறைவது. 1877ஆம் ஆண்டிலே தோமஸ் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை ஆக்கும் வரை, மறைந்த ஒலியை மீட்டுக் கேட்பதற்கு மனிதகுலத்திடம் வழியொன்றும் இருந்ததில்லை. அதன் பின்னரும் அவ்வாற்றல் நெடுங்காலம் பெருநகரங்களின் உடைமையாகவே இருந்தது. திருகோணமலை போன்றதொரு துறைமுக நகரம் தன் ஒலியைத் தானே செவ்வனே பதிந்து வைக்கும் நிலையை எய்தியது மிக அண்மையிலேயே எனலாம்.

கிற்றாரின் ஒலியை மாற்றும் பெடல்கள், அதனைப் பெருக்கும் அம்பிளிபயர்கள், இவ்விரண்டையும் இணைத்து வீட்டிலேயே இசையைப் பதியும் முறை ஆகியவற்றின் வரலாற்றைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் இசை மரபோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை இளைஞரின் பொழுதுபோக்குக்குரிய பொருள்கள், பல்கலைக்கழக ஏடொன்றில் இடம்பெறத்தக்கன அல்ல எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், ஒரு சமூகத்தின் குரலைப் பதியும் கருவி யாரிடம் இருந்தது என்னும் வினா, வரலாற்று மாணவன் புறக்கணிக்கத்தக்க வினாவன்று.

முதற்கண் இத்துறைமுகத்துக்கும் ஐரோப்பிய நரம்பிசைக்கும் உள்ள உறவை நோக்குவாம். 1620களிலே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இன்று பிரட்றிக் கோட்டை என வழங்கும் இடத்திலே தம் கோட்டையை எழுப்பினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658இல் இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றாக முடிவுற்றது. ஆட்சி நீங்கிய பின்னரும் அவர் வழிவந்தோர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் நிலைத்து வாழ்ந்தனர். திருகோணமலையிலே பாலையூற்றுப் பகுதி அவர்தம் குடியிருப்புகளுள் ஒன்றாகும். தமிழோடு கலந்து வளர்ந்த ஒருவகைப் போர்த்துக்கேய மொழியையும், 'கஃபிரிஞ்ஞா' எனப்படும் ஆடலிசையையும் இப்பறங்கியர் சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தது. வயலின், மன்டலின், கிற்றார், றபான் ஆகியன இவ்விசைக்குரிய கருவிகளாகும். இன்று நாம் காணும் ஆறு நரம்புக் கிற்றார் 19ஆம் நூற்றாண்டிலேயே தன் வடிவை முற்றாகப் பெற்றமையால், அது போர்த்துக்கேயரின் கப்பலிலேயே வந்திறங்கியது எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் அதனை ஏற்பதற்கான செவி இங்கே முன்னரே ஆயத்தமாக இருந்தது எனக் கொள்வதில் தவறில்லை. இக் கஃபிரிஞ்ஞா மரபினின்றே வொலி பஸ்தியன் போன்றோர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பைலாப் பாடலை உருவாக்கினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும் மரத்தாலான கிற்றாருக்கு ஒரு குறை இருந்தது. அதன் ஒலி மெலிந்தது. கலியாண வீட்டு ஆரவாரத்திலே வயலினும் றபானும் கேட்கும், கிற்றார் கேளாது. இக்குறை இங்கு மட்டுமன்றி அமெரிக்க நடன மண்டபங்களிலும் உணரப்பட்டது. அதற்கு விடையாகவே 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பீச்சம், அடோல்ஃப் றிக்கன்பேக்கர் ஆகியோர் மின்கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். காந்தமொன்றைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளின் மேல் உருக்கு நரம்பு அதிரும்போது, அச்சுருளிலே சிறு மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. வால்வுகள் பொருந்திய அம்பிளிபயர் அதனைப் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்குகின்றது. கிற்றாரின் குரல் மரத்தினின்று கம்பிக்கு இடம்பெயர்ந்தது. இப்பெயர்ச்சியின் பின்னர், நரம்புக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே எதனையும் புகுத்தலாம் என்னும் நிலை பிறந்தது.

அங்ஙனம் முதலிற் புகுந்தது, விந்தையாக, ஒரு பழுதேயாகும். அம்பிளிபயர் தன் ஆற்றலின் எல்லையைக் கடக்கும்போது அலையின் முகடு வெட்டுண்டு, ஒலி கரகரப்படைகின்றது. பொறியியலாளர் இதனை ஒலித்திரிபு எனக் கூறி, நீக்குவதற்கு அரும்பாடுபட்டனர். இசைஞரோ அதனைத் தேடிச் சென்றனர். 1958இல் லிங்க் றே என்பார் தமது ஒலிபெருக்கியின் கூம்பிலே துளைகளிட்டு அவ்வொலியைப் பெற்றார். பின்னர் நாஷ்வில் நகரிலே, மார்ட்டி றொபின்சின் பாடலொன்றைப் பதிகையில் கலவைக் கருவியின் ஓர் அலைவழி பழுதுற்றது. அதன் வழியே சென்ற கிறேடி மார்ட்டினின் கிற்றார் ஒலி உறுமியது. அப்பதிவை அழிக்காது வெளியிட்டனர். பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னொடி அப்பழுதையே திரான்சிஸ்டர்களால் மீளவும் உண்டாக்கும் கருவியொன்றை வகுத்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதனை 'மேஸ்ட்றோ' என்னும் பெயரில், காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டியாக வெளியிட்டது. 1965இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாடலொன்றில் அதன் ஒலி உலகெங்கும் பரவிற்று.

பெடலையும் அம்பிளிபயரையும் இணைக்கும் கலையை விளக்குவதற்கு 1964இல் இலண்டனில் நிகழ்ந்தது சிறந்த எடுத்துக்காட்டாகும். கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அப்பொழுது பதினேழு வயதினர். அவர் தம்மிடமிருந்த மலிவான சிறிய அம்பிளிபயரின் கூம்பைச் சவர அலகினாற் கீறி, அதன் வெளியீட்டைப் பெரிய அம்பிளிபயர் ஒன்றின் உள்ளீட்டிலே இணைத்தார். சிறியது ஒலியைத் திரித்தது. பெரியது அத்திரிபை உரத்து ஒலித்தது. பிற்காலத்துத் திரிபுப் பெடல் ஒவ்வொன்றும் செய்வது இதனையேயாகும். எனவே பெடல் என்பது அம்பிளிபயரின் ஒரு குணத்தைப் பிரித்தெடுத்துச் சிறு பெட்டியில் அடைத்ததே எனக் கூறின் மிகையாகாது. செல்வமும் கூடமும் இல்லாத ஓர் இளைஞன் தன்னிடமிருந்த இரு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தமையாற் பிறந்த ஒலி அது என்பதும் இங்கு கருதற்பாலது.

1960களின் பிற்பகுதி முதல் பெடல்கள் பெருகின. 'வா' எனக் குழந்தை மழலுவது போல ஒலியின் நிறத்தை மாற்றும் பெடல் 1967இல் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜிமி ஹென்ட்றிக்ஸ், றொஜர் மேயர் ஆக்கிய பெடலொன்றின் வழியே தமது நரம்பொலியை ஒரு சுரத்தொகுதி மேலே எழுப்பிப் பதிந்தார். பின்னர் எதிரொலி தருவன, ஒருவர் வாசிப்பதைப் பலர் வாசிப்பது போலக் காட்டுவன எனப் பலவகைப் பெடல்கள் தோன்றின. பெடல்கள் பலவாகியபோது அவற்றின் வரிசை முறை தனியொரு நூலறிவாயிற்று. திரிபுப் பெடல் முன்னும் எதிரொலிப் பெடல் பின்னும் நிற்பின், உறுமும் ஒலி ஒவ்வொன்றும் தெளிவாக மீள ஒலிக்கும். மாறி நிற்பின், எதிரொலிகள் யாவும் ஒன்றோடொன்று கலந்து திரிபுற்றுக் குழம்பும். முகத்துக்கு மஞ்சள் பூசிய பின்னரே பொட்டிடுவர். பொட்டிட்ட பின் மஞ்சள் பூசின் இரண்டும் கெடும். அது போன்றதே இதுவும். ஆயினும் இவ்விதி மாறாததன்று. அக்குழப்பத்தையே வேண்டி வரிசையை மாற்றிய இசைஞரும் உளர்.

இவை மேலை நாடுகளில் நிகழ்ந்த காலத்தில் நம் நாட்டு நிலை யாது? 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழிசையிலே கிற்றார் முதன்மை பெற்றது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பொப் இசைப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பெற்றனர். திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர் மெல்லிசைத் துறையிலே தமக்கென ஓர் இடத்தை நாட்டினர். ஈழத்துத் தமிழ் மெல்லிசையை இசைத்தட்டிலே கொணர்ந்த முன்னோடிகளுள் எம். பி. பரமேஷ் ஒருவர் என்பது இந்நகரத்துக்குப் பெருமை தருவதாகும். ஆனால் இசை எங்கே பிறப்பினும் அது பதியப்பட்ட இடம் கொழும்பேயாகும். வானொலியின் கலையகங்கள் அங்கேயே இருந்தன. 250 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம் பயணஞ் செய்து, குறித்த நேரத்துக்குள் பாடி மீள வேண்டியவராகவே எம்மூர்க் கலைஞர் இருந்தனர். தெரிவு செய்யப்பட்டவர் குரல் பதிவாயிற்று. ஏனையோர் குரல் காற்றோடு போயிற்று.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாது செல்லுதல் இயலாது. ஒலியைக் கடல் கடந்து அனுப்புவதற்குத் திருகோணமலை ஏற்ற இடம் என்பதை உலகம் அறிந்திருந்தது. 1980களில் ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல தன் நிகழ்ச்சிகளை ஆசிய நாடுகளுக்கு அஞ்சல் செய்வதற்கென இங்கே ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி நிலையமொன்றை நிறுவிற்று. இம்மண்ணிலிருந்து உலகின் குரல் வெளியே சென்றது. இம்மண்ணின் குரலைப் பதிந்து வைக்கவோ ஒழுங்கான கூடமொன்று இருந்ததில்லை. கோணமலைக் கரையில் நின்ற ஒலிக்கருவிகளுள் மிகப் பெரியது எமக்கானதாக இருக்கவில்லை.

பதியும் ஆற்றல் கூடத்தினின்று வீட்டுக்கு வந்த கதையும் கிற்றாரோடு பிணைந்ததேயாகும். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல் ஹொலிவூட்டிலே தமது வீட்டு வாகனக் கொட்டகையைக் கூடமாக்கி, தாமே வாசித்த எட்டுக் கிற்றார்ப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து 1948இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் பாடகர் பிங் குறொஸ்பி அவருக்கு ஒலிநாடாக் கருவியொன்றை அளித்தார். 1976இல் வெளிவந்த பொஸ்டன் குழுவின் முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, பொறியியலாளரான டொம் ஷோல்சின் வீட்டு நிலவறையிலேயே பதியப்பட்டது. 1979இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கசற்றிலே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் 'போர்ட்டாஸ்ரூடியோ' என்னும் கருவியை வெளியிட்டது. 1982இல் புறூஸ் ஸ்பிறிங்ஸ்டீன் அக்கருவியைக் கொண்டு தம் வீட்டில் மாதிரிக்கெனப் பதிந்த பாடல்களே 'நெப்றாஸ்கா' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. தமிழுலகில் ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு இணைந்த 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' திரைப்படத்தின் இசை அவரை இந்தியா முழுவதற்கும் அறிமுகஞ் செய்தது. இன்று இக்கருவிகள் செய்தவை யாவற்றையும் ஒரு கணினியும் கையடக்கமான ஓர் இணைப்புப் பெட்டியும் செய்கின்றன.

எனினும் வீட்டிலே பதிவோர் எதிர்கொள்ளும் இடர்கள் பல. அவற்றுள் முதன்மையானது உரப்பாகும். வால்வு அம்பிளிபயர் தன் முழு ஆற்றலை அணுகும்போதே இனிய திரிபைத் தரும். ஆனால் அத்துணை உரத்து ஒலிப்பின் அயலவர் பொறார். 50 வாற் அம்பிளிபயருக்குப் பதிலாக 5 வாற் அம்பிளிபயரை வாங்கினால் ஒலி பத்திலொன்றாகும் எனப் பலர் எண்ணுவர். மனிதச் செவி அங்ஙனம் அளப்பதன்று. வலு பத்திலொன்றாகக் குறையும்போது உரப்பு ஏறக்குறையப் பாதியாகவே கேட்கும். ஆதலால் திரிபைப் பெடலிலே உண்டாக்கி, சிறிய அம்பிளிபயரைத் தெளிந்த நிலையில் மெதுவாக இயக்கி, ஒலிவாங்கியைக் கூம்புக்கு மிக அருகே வைத்துப் பதிவதே வீட்டுக்கு ஏற்ற முறையாயிற்று. ஒலிவாங்கி கூம்பின் நடுவை நோக்கின் ஒலி கூர்மையாகும். விளிம்பை நோக்கின் மென்மையாகும். அம்பிளிபயரை விடுத்துத் திரிபுப் பெடலை நேரே கணினியில் இணைப்பின் குளவி இரைவது போன்ற ஒலியே கிட்டும். கிற்றார் ஒலிபெருக்கியின் கூம்பு ஏறக்குறைய 5000 ஹேற்சுக்கு மேற்பட்ட மீடிறன்களைப் பெரிதும் தணித்துவிடுவது. அத்தணிப்பு இல்லாமையே இவ்விரைச்சலுக்குக் காரணம். கூம்பின் இயல்பைக் கணிப்பால் ஒப்பிக்கும் மென்பொருள்கள் இன்று இக்குறையை நிரப்புகின்றன.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேற்சு அளவினது. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் கருவிகள் 120 வோல்றுக்கு உரியன. நிலைமாற்றியின்றி இணைப்பின் அவை எரிந்து போகும். ஒரே வரிசையிலுள்ள இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் நிலத்தொடுப்புப் பெறின் ஓயாத ரீங்காரம் எழும். அதனைப் போக்க நிலக்கம்பியை அறுத்துவிடும் வழக்கம் உயிருக்கே கேடு விளைப்பது. யாவற்றையும் ஒரே சுவர் இணைப்பினின்று இயக்குவதே தக்கது. உப்புக்காற்று வீசும் எம்மூரில் பெடல்களின் செருகிகள் விரைவிற் களிம்பேறுதலும் உண்டு.

இவையெல்லாம் வெறும் தொழில்நுட்பச் செய்திகள் அல்ல என்பதை எனக்கு உணர்த்தியது எம் வீட்டிலுள்ள கசற் ஒன்றேயாகும். பல்லாண்டுகளுக்கு முன்னர் பாலையூற்றிலே நிகழ்ந்த கலியாணமொன்றில் என் தாய்மாமனார் பதிந்தது அது. பறங்கியர் பெரியவர் ஒருவர் வயலின் வாசித்தவாறே தம் மொழியிற் பாடுகின்றார். இளைஞர் ஒருவர் மின்கிற்றாரில் உடன் வாசிக்கின்றார். ஒலிப்பதிவுக் கருவியை வைக்க வேறிடமின்றி, மாமா அதனைக் கிற்றாரின் அம்பிளிபயர் மீதே வைத்துவிட்டார். ஆகையால் கிற்றாரும் ரீங்காரமும் பெருக்கக் கேட்கின்றன. பெரியவரின் குரலோ சுவருக்கு அப்பாலிருந்து வருவது போலிருக்கின்றது. மெட்டு விளங்குகின்றது, சொல் விளங்கவில்லை. அப்பெரியவர் இன்று இல்லை. அவர் மக்களிடம் அக்கசற்றைக் கொண்டு சென்று போட்டுக் காட்டினேன். மெட்டை உடனே அடையாளங் கண்டு தாளமிட்டனர். சொற்களை அவர்களாலும் கூற முடியவில்லை. ஒலிவாங்கி இரண்டு முழம் தள்ளி வைக்கப்பட்டிருப்பின் ஒரு பாடல் பிழைத்திருக்கும்.

இவ்விழப்பு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நெடிய போரும் இடப்பெயர்வுகளும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த கடற்கோளும் கிழக்குக் கரையின் வீடுகளோடு அவற்றிலிருந்த படங்களையும் ஒலிநாடாக்களையும் கொண்டு சென்றன. மட்டக்களப்பிலே பறங்கியர் வாழ்ந்த டச்பார் குடியிருப்பு அக்கடற்கோளில் அழிவுற்றது. பிற்காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிழக்கிலங்கைக்கு வந்து, எஞ்சியிருந்த போர்த்துக்கேய மொழி பேசுவோரின் பேச்சையும் பாட்டையும் பதிந்து ஆவணப்படுத்தினர். அப்பணி போற்றுதற்குரியது. எனினும் எம் அயலிலே ஒலித்ததைப் பதியப் பிற நாட்டார் வரவேண்டியிருந்தமை நாம் சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

மின்கருவிகளும் பெடல்களும் மரபிசையைக் கெடுப்பன என வாதிடுவோர் உளர். அவர் கூற்றை முற்றாகத் தள்ளுதல் தகாது. எதிரொலியையும் திரிபையும் ஏற்றிப் பதிந்த ஒலியினின்று அவற்றைப் பின்னர் செவ்வையாகப் பிரித்தெடுத்தல் அரிது. கேட்போர் பெறுவது கருவியின் குரலோ கலைஞனின் குரலோ என்னும் ஐயம் எழும். இதற்கு வீட்டு ஒலிப்பதிவு முறையே தீர்வும் அளித்துள்ளது. கிற்றாரினின்று வரும் மின்னொலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெடல்கள், அம்பிளிபயர், ஒலிவாங்கி என்னும் வழியே ஒரு தடத்திலும், மற்றையதை எதுவும் ஏற்றாது நேரே இன்னொரு தடத்திலும் பதியலாம். ஏற்றாத தடத்தைப் பின்னொரு நாளில் வேண்டிய பெடல்களின் வழியே மீளச் செலுத்தி, வேறொரு நிறத்தில் அதே வாசிப்பைக் கேட்கவும் இயலும். முன்னையது கலை, பின்னையது ஆவணம். கலைஞன் தன் கற்பனைக்கேற்பத் தன் ஒலியை ஆள்வதற்கும், வரலாறு அவ்வொலியை உள்ளவாறு பெறுவதற்கும் ஒருங்கே இடமுண்டு. பெடலில்லாத வயலினையும் குரலையும் பதிவோரும் இவ்விதியையே கொள்ளலாம்: அழகு செய்தற்கு முன் ஒரு படி உள்ளவாறே எடுத்து வைத்தல்.

தொகுத்து நோக்குமிடத்து, மெலிந்த ஒலியைப் பெருக்க வந்த கருவி பழுதுற்றது; பழுது கலையாயிற்று; அக்கலை சிறு பெட்டிகளில் அடங்கி, கூடத்தினின்று வீட்டுக்கு வந்தது. இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் இருந்ததைக் கொண்டு இல்லாததை ஆக்கிய எளியோரைக் காண்கின்றோம். முன்னோருக்கு வாய்க்காத ஆற்றல் இன்று திருகோணமலை இளைஞர் பலரின் மேசை மீது இருக்கின்றது. அதனைக் கொண்டு தம் கிற்றாரை உறும வைப்பது அவர்தம் உரிமை. அடுத்த வீதியிலே வயலினைச் சுவரில் மாட்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரை ஒருநாள் அழைத்துவந்து, ஒலிவாங்கியைத் தக்க இடத்தில் வைத்து, அவர் பாடும் சொற்கள் விளங்குமாறு பதிந்து வைப்பது அவர்தம் கடமையாகும். அக்கடமைக்குக் காலம் நீண்டு கிடப்பதன்று.